தீபாவளி விடுமுறையும் உங்கள் உடற்கடிகாரமும்

மாணவர்களே, விடுமுறை என்றால் ஓய்வு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள், முதல் பாடவேளையிலேயே வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுகிறீர்கள். பல நாள் பள்ளியே இல்லை. அதிகாலையில் எழுந்து பேருந்தைப் பிடிக்க ஓடவும் இல்லை. பிறகு ஏன் இந்தக் களைப்பு?

"இரவெல்லாம் விருந்தினர் ஐயா", "பலகாரம் அதிகமாகிவிட்டது ஐயா" என்று காரணம் சொல்வீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரத்தைப் பற்றியது. அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால், பண்டிகையின் மகிழ்ச்சியை இழக்காமலேயே உடலையும் பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டாற்சிணுங்கி தந்த தடயம்

பள்ளித் திடலின் ஓரத்தில் தொட்டாற்சிணுங்கிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். மலாய்மொழியில் அதற்குச் செமாலு என்று பெயர். தொட்டால் மட்டுமன்று, இரவு வந்தாலும் அதன் இலைகள் மூடிக்கொள்ளும், பகலில் விரியும். 1729ஆம் ஆண்டில் தெ மேரான் என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் இத்தகைய செடி ஒன்றை வெளிச்சம் படாத இருட்டில் வைத்துக் கவனித்தார். அங்கும் அதன் இலைகள் பகல்வேளையில் விரிந்தன, இரவுவேளையில் மூடின. வெளிச்சம் இல்லாமலேயே நேரம் காட்டும் ஏதோ ஒன்று உயிரினத்துக்குள் இருக்கிறது என்பதற்குக் கிடைத்த பழைய தடயம் இது.

அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதருக்கு இதன் தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைபோதலமஸ் பகுதியில் இருக்கிறது. ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு கொத்து அது. உடல் வெப்பநிலை எப்போது குறைய வேண்டும், மெலடோனின் என்னும் ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும், எப்போது கண் சொக்க வேண்டும் என்பதையெல்லாம் அது நிர்ணயிக்கிறது.

இந்தக் கடிகாரத்தில் ஒரு சிறு குறை உண்டு. பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று அதிகம். அப்படியே விட்டுவிட்டால் நாளுக்கு நாள் பின்தங்கிப் போகும். அதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் கடிகாரம் முன்னே நகர்கிறது. இரவு நெடுநேரம் பளிச்சென்ற விளக்கிலும் கைப்பேசித் திரையிலும் கண்ணைப் பதித்திருந்தால் மெலடோனின் சுரப்பது தாமதமாகி, கடிகாரம் பின்னே போகிறது. பதின்ம வயதில் இது இயல்பாகவே சற்றுத் தாமதமாக ஓடும். ஆகவே, "இரவில் தூக்கமே வரவில்லை" என்று நீங்கள் சொல்வது வெறும் சாக்கு அன்று. அதற்காக உங்கள் தூக்கத் தேவை குறைந்துவிடவும் இல்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

துபாய்க்குப் போகாமலே துபாய் நேரம்

இப்போது ஒரு கணக்கு. பள்ளி நாளில் இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உறக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 2.30. விடுமுறையில் அதிகாலை 2.30க்குப் படுத்துக் காலை 10.30க்கு எழுகிறீர்கள். நடுப்புள்ளி காலை 6.30. வித்தியாசம் 4 மணி நேரம்.

நமக்கும் துபாய்க்கும் உள்ள நேர வித்தியாசமும் அதே 4 மணி நேரம்தான். விமானமே ஏறாமல் உங்கள் உடல் துபாய் நேரத்துக்குப் போய்விட்டது. பள்ளி திறக்கும் நாளில் காலை 6 மணிக்கு அம்மா எழுப்பும்போது, உங்கள் உடற்கடிகாரம் நள்ளிரவு 2 மணி என்கிறது. முதல் பாடவேளைக் கொட்டாவிக்குக் காரணம் இதுவே. விடுமுறையில் 8 மணி நேரம் உறங்கியிருந்தும் களைப்பு வருவது இதனால்தான். பின்தங்கிய கடிகாரம் ஒரே நாளில் சரியாகாது. தோராயமாக நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் திரும்பி வரும். பள்ளியின் முதல் வாரம் இப்படியே கழிந்துவிடும்.

தே தாரேக் போடும் பூட்டு

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அது கூடக் கூடத் தூக்கம் அழுத்தும். உறங்கும்போது அது குறையும். தேநீர், கோப்பி, கோலா ஆகியவற்றில் உள்ள காஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீருவதில்லை, களைப்பின் செய்தி மூளையை எட்டாமல் தடுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இயற்பியலில் அரை ஆயுள் பற்றிப் படிப்பீர்களே, காஃபினுக்கும் உடலில் அரை ஆயுள் உண்டு. பெரியவர்களுக்கு அது சராசரியாக 5 மணி நேரம். மாலை 5 மணிக்கு உறவினர் வீட்டில் குடித்த தே தாரேக்கின் காஃபினில் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். கால் பங்கு அதிகாலை 3 மணிக்கும் இருக்கும். தீபாவளி நாளில் ஐந்து வீட்டுக்குப் போனால், ஐந்து வீட்டிலும் தேநீர் வரும். மாலைக்குமேல் "வெறும் தண்ணீர் போதும் அத்தை" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

17 மணி நேரக் கணக்கு

இதுவரை சொன்னது களைப்பைப் பற்றி. இனி சொல்வது உயிரைப் பற்றி.

1997இல் டாசன், ரீட் என்னும் இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் இணைந்து செயல்படும் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவர்களின் திறன் அளவுக்குக் குறைந்திருந்தது. மலேசியச் சட்டம் வாகனமோட்டிகளுக்கு வகுத்துள்ள மது வரம்பும் அதே அளவுதான்: 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க வீட்டில் எல்லாரும் அதிகாலை 5 மணிக்கு எழுகிறார்கள். அதிலிருந்து 17 மணி நேரத்தை எண்ணுங்கள். இரவு 10 மணி வருகிறதா? பெரியப்பா வீட்டு விருந்து முடிந்து, அப்பாவோ அண்ணனோ காரை எடுக்கும் நேரம் அது. ஒரு சொட்டு மதுவும் தொடாதவர், மது அருந்தியவரின் நிலையில் நெடுஞ்சாலையில் ஏறுகிறார்.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. "அப்பா, மதியம் கொஞ்ச நேரம் கண்ணயருங்கள். வருகிறவர்களை நான் கவனித்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். இரவாகிவிட்டால், "இங்கேயே தங்கிக் காலையில் போவோம்" என்று நீங்களே கேட்கலாம். பிள்ளை கேட்டால் பல அப்பாக்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அம்மாவின் கடிகாரம்

தீபாவளிக்கு முந்திய வாரம் உங்கள் வீட்டில் கடைசியாகப் படுப்பவர் யார்? முதலில் எழுபவர் யார்? பெரும்பாலான வீடுகளில் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். நள்ளிரவு வரை முறுக்குப் பிழிந்து, விடியுமுன் எழுந்து சமைப்பவர் அவர். பெரியவர்களுக்கும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் தூக்கக் கலக்கத்துடன் நிற்பதும் ஆபத்துதான்.

நம்மை நாமே பார்த்துக்கொள்வது என்றால் தனி அறையில் கதவைச் சாத்திக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் இரண்டு மடங்கு உழைத்தால் அந்த வீட்டில் சமநிலை இல்லை. வீடு துடைப்பது, பலகாரங்களை டப்பாக்களில் அடுக்குவது, தட்டுகளைக் கழுவுவது ஆகியவற்றை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் பட்டியல் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பலகார வேலையை ஒரே இரவில் முடிக்காமல் மூன்று மாலைகளுக்குப் பரப்புங்கள்.

விலகினால் திரும்பி வாருங்கள்

உயிரியலில் ஹோமியோஸ்தாசிஸ் பற்றிப் படிக்கிறீர்கள். உடல் வெப்பநிலை கூடினால் வியர்வை சுரக்கிறது. குறைந்தால் நடுக்கம் வருகிறது. எப்போதும் ஒரே அளவில் அசையாமல் நிற்பதைச் சமநிலை என்று உடல் கருதுவதில்லை. விலகியதும் திருத்திக்கொள்வதே அதன் வழி. பண்டிகைக்கும் அதே விதிதான். ஓரிரவு நெடுநேரம் விழித்திருந்து உறவினர்களோடு பேசிச் சிரிப்பதில் தவறில்லை. மறுநாள் திருத்திக்கொண்டால் போதும். அதற்கு ஐந்து வழிகள்:

1. எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரம் மாறினாலும், பள்ளி நாளில் எழும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் தள்ளிப் போகாதீர்கள். அன்று சேரும் அடினோசின், மறுநாள் இரவு உங்களைச் சீக்கிரம் உறங்க வைக்கும்.

2. எழுந்ததும் வெளியே வாருங்கள். வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் 15 நிமிடம் நின்றாலும் போதும்.

3. தூக்கம் குறைந்த நாளில் பிற்பகல் 3 மணிக்குள் 20 நிமிடம் உறங்குங்கள். அதற்குமேல் நீட்டினால் இரவுத் தூக்கம் கெடும்.

4. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிடுங்கள்.

5. நள்ளிரவில் பிரியாணி வேண்டாம். கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அது உணவு நேரத்தைப் பார்த்து ஓடுகிறது.

பயிற்சி

அ. ஒரு மாணவி பள்ளி நாளில் இரவு 10.30 முதல் காலை 6.00 வரையும், விடுமுறையில் அதிகாலை 1.30 முதல் காலை 9.30 வரையும் உறங்குகிறாள். இரு நடுப்புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசம் என்ன?

ஆ. மாலை 4 மணிக்கு 80 மில்லிகிராம் காஃபின் உடலில் சேர்கிறது. அரை ஆயுள் 5 மணி நேரம் எனில், அதிகாலை 2 மணிக்கு எவ்வளவு மிஞ்சும்?

இ. இந்த விடுமுறையில் ஏழு நாள்களுக்கு வீட்டில் உள்ள அனைவரும் படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஓர் அட்டவணையில் குறித்து வாருங்கள். மிகக் குறைவாக உறங்கியவர் யார்? அவருக்கு ஒரு மணி நேரம் மீட்டுத் தர நீங்கள் எந்த வேலையை ஏற்றுக்கொள்வீர்கள்?

விடைகள்: அ. 3 மணி 15 நிமிடம். ஆ. 20 மில்லிகிராம். மூன்றாவது கேள்விக்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.