பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார் சீட்டைக் கழற்றும்போது



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அரசூரில் பெண்ணையாற்று வெள்ளம் ஏறி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே துண்டுபட்டது. இப்படிப்பட்ட மழையில் காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் தரைவிரிப்பைக் காயவைக்க சீட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். நம் பிள்ளைகள் பலர் பட்டறைகளிலும் சீட் கவர் கடைகளிலும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆகவே அடுத்த மழைக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அம்பாசிடரிலும் மாருதி 800-லும் சீட் என்பது நான்கு போல்ட், அவ்வளவுதான். இப்போது அப்படி இல்லை. ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயமாகிவிட்டது. ஆறு ஏர்பேக் கொண்ட சிறிய கார்களும் 2023-க்குப் பிறகு நிறைய ஓடுகின்றன. அந்த ஆறில் இரண்டு முன்சீட்டுகளின் முதுகுப் பகுதியில், கதவை ஒட்டிய ஓரத்துக்குள் இருக்கும். சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்று சிறு துணிச்சீட்டு தைத்திருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

உள்ளே இருப்பது காற்று நிரப்பிய பை அல்ல. மடித்து வைத்த துணிப்பை, அதனோடு வாயுவை வெளியேற்றும் ஒரு குப்பி, அந்தக் குப்பியைத் தூண்ட வெடிமருந்துள்ள ஒரு சிறு திரி. பக்கவாட்டில் மோதல் என்று சென்சார் சொன்னதும் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரம் அனுப்பும். நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் பை விரிந்துவிடும். கதவுக்கும் விலாவுக்கும் நடுவே அந்த வேகம் உயிரைக் காக்கிறது. சீட்டுக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கு அதே வேகம் ஆபத்து.

மின்சாரத்தில் நகரும் சீட் என்றால் முதலில் முன்னும் பின்னும் நகர்த்தி போல்ட்டுகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்த பிறகு அது நகராது. கையால் நகர்த்தும் சீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது தானாகப் போய் ஒட்டாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

இனிதான் பெரும்பாலோர் அவசரப்படும் இடம். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் வேலை செய்யவேண்டும் என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும். ஒன்றரை நிமிடம், மூன்று நிமிடம் என்று ஒவ்வொரு கம்பெனியின் கையேடும் ஒரு கணக்கு சொல்லும். சிலவற்றில் அதைவிடக் கூடுதல். கையேடு கையில் இல்லையென்றால் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வாடிக்கையாளர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அதன்பின் கார் பாடியின் இரும்பை ஒருமுறை தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிறக் கனெக்டரைக் கழற்றுங்கள். ஏர்பேக் ஒயருக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம்தான். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பூட்டை விடுவித்த பிறகே பிடுங்கவேண்டும். “கரண்ட் வருதா பாப்போம்” என்று அதில் டெஸ்ட் லாம்ப்போ மல்ட்டிமீட்டரோ வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தக் கருவி தரும் சிறு மின்சாரமே திரியைப் பற்றவைக்கப் போதுமானது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கையே வைக்கவேண்டாம், அது உயர் மின்னழுத்தம்.

கழற்றிய சீட்டை நிமிர்த்தி வையுங்கள். ஏர்பேக் உள்ள ஓரம் யாரையும் பார்த்து இருக்கக் கூடாது. தூக்கும்போதும் அந்த ஓரத்தை நெஞ்சோடு அணைக்காதீர்கள். ஈரம் காய ஹீட் கன் பிடிப்பது, வெல்டிங் நடக்கும் இடத்தில் போட்டு வைப்பது இரண்டும் வேண்டாம். குழந்தைகள் அதன்மேல் ஏறி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட் வெளியே இருக்கும்போது பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியும், கோளாறு பதிவாகிவிடும். எல்லாம் பூட்டிய பிறகே பேட்டரி. போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கவேண்டும். விபத்தில் ஆளோடு சீட்டைப் பிடித்து நிறுத்துபவை அவைதான். சாவியைத் திருப்பியதும் விளக்கு சில நொடி எரிந்து அணையவேண்டும். அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்துப் பார்க்கவேண்டும். விளக்கை மட்டும் அணைக்க ரெசிஸ்டர் செருகிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வண்டிக்காரரை ஏமாற்றுவது, பணம் வாங்கிக்கொண்டு செய்தால் இன்னும் மோசம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு ஒரு சொல் கூடுதலாக. கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் இரு சீட்டுக்கும் நடுவே தரையை ஒட்டியே இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியிருந்தால் சாவியைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். வண்டியை இழுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள். நனைந்த பெட்டியையும் ஏர்பேக்கையும் மாற்றத்தான் வேண்டும், காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது.

சீட் கவர் தைக்கும் தம்பிகளுக்கு: ஏர்பேக் உள்ள ஓரத்தை முழுக்க மூடித் தைத்தால் பை வெளியே வரமுடியாது. அந்தப் பக்கம் திறந்தோ, ஏர்பேக்குக்கென்றே சோதித்த பிரியும் தையலோடோ இருக்கவேண்டும். அப்படிப்பட்ட கவர் கடையில் இல்லையென்றால் “இந்த சீட்டுக்கு கவர் போடவேண்டாம்” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.