அக்டோபர் 1-க்கு முன் அமெரிக்கக் குடோனைக் காலி செய்யுங்கள்

கரூர், திருப்பூரிலிருந்து அமேசான் குடோனிலேயே சரக்கை வைத்து விற்கும் எஃப்பிஏ முறையில் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புபவர்கள் இந்தச் செப்டம்பரில் முதல் வேலையாகக் குடோன் கணக்கைத் திறந்து பாருங்கள். சாதாரண அளவுப் பொருள்களுக்கு செப்டம்பர் 30 வரை கன அடிக்கு மாதம் 0.78 டாலர் வாடகை. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை அதே இடத்துக்கு 2.40 டாலர்.

நம் ஊரில் எடையையும் எண்ணிக்கையையும் வைத்தே கணக்குப் போட்டுப் பழகிவிட்டோம். அங்கே அடைத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் காசு. ஆறு கிச்சன் டவல் கொண்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். பாலி பேக்கில் போட்டால் 12 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 324 கன அங்குலம். 1,728 ஆல் வகுத்தால் 0.1875 கன அடி. 2,000 செட் கிடந்தால் 375 கன அடி. செப்டம்பரில் இதற்கு 292.50 டாலர், அக்டோபரில் 900 டாலர். மடிப்பை மாற்றிக் காற்றை அழுத்தி எடுத்து, உயரத்தை 2 அங்குலமாக்கினால் 250 கன அடிதான். வாடகை 600 டாலர். ஓர் அங்குலத்தில் மாதம் 300 டாலர் மிச்சம். இனிக் கட்டும் சரக்கை இந்த மடிப்பிலேயே கட்டச் சொல்லுங்கள். பையின் வாய் 5 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் மூச்சுத்திணறல் எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். புதுப் பை வாங்கும் அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். அமேசானில் பழைய அளவே பதிவாகியிருக்கும். ஆகவே புதுச் சரக்கு போய்ச் சேர்ந்ததும் மறுபடி அளக்கச் சொல்லி செல்லர் சென்ட்ரலில் கேஸ் போடுங்கள். பஞ்சடைத்த சேர் பேட், குஷன் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்று மாதம் மிகவும் கடினம். உறையை மட்டும் விற்க வழியிருந்தால் அதையே முன்னே தள்ளுங்கள்.

அடுத்து, பழைய சரக்கு. 181 நாள் தாண்டிய சரக்குக்கு வாடகை போகத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி இருப்பைப் பார்த்து இதைப் போடுகிறார்கள். ஏப்ரல் நடுவில் குடோனுக்குள் போனது அக்டோபர் 15 அன்று இந்த வலையில் சிக்கும். தொடக்கத்தில் கன அடிக்கு 50 சென்ட்தான், பெரிதாகத் தெரியாது. 271 நாளைத் தாண்டினால் 5 டாலருக்கு மேல் போய்விடும். ஜனவரி முதல் வாரத்தில் இறக்கி இன்னும் விற்காத டிசைன் இருந்தால், அது அக்டோபர் 15 அன்று அந்த நிலைக்கு வந்துவிடும். திருப்பூர்க்காரர்களுக்கு ஓர் ஆறுதல்: ஆடைகளுக்கு 181 முதல் 270 நாள் வரை இந்தக் கட்டணம் இல்லை.

அப்படிப்பட்ட சரக்கை என்ன செய்வது? விலையைக் குறைத்து, கூப்பன் போட்டு, இந்த மாதத்துக்குள் விற்றுவிடுவதுதான் முதல் வழி. நகராதவற்றுக்கு ரிமூவல் ஆர்டர் போடுங்கள். சீசன் நெருங்க நெருங்க அது முடிய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்க முகவரிக்குத்தான் அனுப்புவார்கள், கரூருக்குத் திரும்பி வராது. அங்கே தனியார் குடோன் ஒன்றைப் பேசி வைத்திருந்தால் சரக்கு பிழைக்கும். இல்லையென்றால் மொத்த விலைக்குக் கழிப்பதோ அழிக்கச் சொல்வதோதான். மனம் ஒப்பாது, புரிகிறது. நெய்தவர் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனாலும் அதை வைத்திருக்கும் செலவு அடுத்த சரக்கின் லாபத்தையும் தின்றுவிடும். வாடகை தினசரிச் சராசரிக் கன அளவில் கணக்கிடப்படுவதால், அக்டோபர் 10இல் வெளியேறினாலும் அந்த மாத வாடகையில் பெரும்பகுதி மிச்சமாகும்.

இட அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான வரம்பு மாதாமாதம் கன அடியில் வரும். மீறினால் கன அடிக்கு மாதம் 10 டாலர் வரை அபராதம். சரக்கு நிர்வாகத்துக்கு அமேசான் தரும் ஐபிஐ மதிப்பெண் சரிந்திருந்தால் வரம்பும் சுருங்கும். அதற்காக நன்றாக ஓடும் பொருளை வறட்சியாக்கிவிடவும் கூடாது. கையிருப்பு 28 நாள் விற்பனைக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் அதற்கும் ஒரு கட்டணம் இருக்கிறது. ஓடுவதற்கு ஆறு முதல் எட்டு வார இருப்பு, ஓடாததற்கு எதுவும் வேண்டாம் என்பது என் கணக்கு.

தூத்துக்குடியில் இனி ஏற்றும் கண்டெய்னர் பிளாக் ஃபிரைடேவுக்குப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். கடலில் ஒரு மாதத்துக்கு மேல், பிறகு குடோனில் இறக்கிப் பதிவாகச் சில நாள். அதைத் தனியார் குடோனுக்குத் திருப்பிவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அமேசானுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதல் நான்கைந்து ஓட்டப் பொருள்களை மட்டும் விமானத்தில் அனுப்பலாம். ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறையில் பேக்கிங் ஆள் கிடைக்க மாட்டார்கள். தேதிகளை இப்போதே பேசி முடியுங்கள்.

கிறிஸ்துமஸ் அச்சு டவல் வைத்திருப்பவர்கள் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே விலையைக் குறைத்துவிடுங்கள். சீசனில் வாங்கியதை ஜனவரி 31 வரை திருப்பித் தர வாடிக்கையாளருக்கு அமேசான் அவகாசம் தருவது வழக்கம். பிரித்துக் கசங்கி வரும் அந்தச் சரக்கு கவனிப்பாரின்றி அங்கேயே தேங்காமல் இருக்க, ஆட்டோமேட்டிக் ரிமூவல் வசதியை இந்த வாரமே ஆன் செய்து வையுங்கள்.