இயற்கை உரத்துக்கும் அளவு உண்டு

"இயற்கை உரம்தானே சார், கூடப் போட்டா என்ன ஆயிடும்?" என் தோட்டத்துக்கு வருகிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. செடி கருகும். பழி இயற்கை விவசாயத்தின் மேல் விழும்.

பச்சைச் சாணத்தை வேரடியில் போடாதீர்கள். மட்கும்போது கிளம்பும் சூட்டில் வேர் வெந்துபோகும்; கிருமியும் களை விதையும் கூடவே வரும். நாற்றம் போய், கையில் உதிர்கிற தொழுவுரமே நல்லது.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம். கட்டியாக வைத்தால் எறும்பும் பூஞ்சணமும்தான் வரும். 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் 3 நாள் ஊறவைத்து, தெளிவில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன்.

கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவுக்கு 3 சதவீதக் கணக்கு: 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. வடிகட்டி, மாலையில் தெளிக்கலாம். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவுக்குப் பறிக்கும் சமயத்தில் தெளிக்க வேண்டாம்.

எதுவானாலும் முதலில் தண்ணீர், பிறகு உரம். காய்ந்த மண்ணில் கெட்டியாக ஊற்றினால், வேரில் இருக்கும் ஈரத்தையும் அது இழுத்துவிடும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி ஊற்றுங்கள். இலை நுனி கருகினால் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் விடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுத்தாலே போதும்.