‘நீ யாருடையவள்?’

தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட், தமிழர்களுக்கு நன்கு பழக்கமான இடம். வாழையிலை, மல்லிகைச் சரம், காப்பிப் பொடி ஆகியவற்றிற்காக நகரின் பல பகுதிகளிலிருந்தும் நம்மவர் அங்கு வருவர். ஆங்கிலேயர் காலத்தில் எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் பணி நாடி வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவ்வட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றனர். இளையோர் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்ட இல்லங்களில், முதிய பெற்றோருக்குத் துணையாக மணமாகாத மகளோ மகனோ தங்கியிருப்பதும் உண்டு. மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, வங்கிக்குப் போவது, இரவில் எழுந்து மருந்து தருவது ஆகிய யாவும் அவர் பொறுப்பே. ஆயினும் உறவினர் கூடும் உபநயனத்திலோ சீமந்தத்திலோ அவரைக் கண்டதும் எழும் முதல் கேள்வி, “இன்னும் ஒன்றும் அமையவில்லையா?” என்பதுதான். ஆரத்தி எடுக்கச் சுமங்கலிகளை அழைப்பர். கன்னிகைக்குரிய மரியாதை சிறுமியருக்குச் செல்லும். நாற்பதைக் கடந்த மணமாகாத பெண்ணுக்கு இவ்விரு வரிசைகளிலும் இடமில்லை.

இக்கேள்வி பெரும்பாலும் பரிவிலிருந்தே பிறக்கிறது. அதனாலேயே அதற்கு விடையளிப்பது கடினமாகிறது. பகைவனின் சொல்லை மறுத்துவிடலாம். அத்தையின் பெருமூச்சை எவ்வாறு மறுப்பது? பல்லாண்டுகள் அதைக் கேட்டுப் பழகிய மனம், தன் வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை என்று தானே எண்ணத் தலைப்படுகிறது. பின்னர் அவர் விழாக்களுக்குச் செல்வதைக் குறைத்துக்கொள்கிறார். உடனே, “பார்த்தீர்களா, யாரோடும் ஒட்டமாட்டார்” என்கிறது சுற்றம். தவறான எண்ணம் தனக்கான சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விதம் இது.

அமெரிக்க உளவியல் அறிஞர் பெல்லா டெபாலோவும் அவருடைய சகாக்களும் மணமாகாதோர்மீது காட்டப்படும் பாகுபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். மணமானவர் என்றதும் அன்பானவர், பொறுப்புள்ளவர் என்றும், மணமாகாதவர் என்றதும் முதிர்ச்சியற்றவர், தன்னலம் மிக்கவர் என்றும் மக்கள் எண்ணுவதை அவர்கள் கண்டனர். 2007இல் வெளியான ஆய்வில், வீட்டை வாடகைக்கு விடுவோர் மணமான தம்பதியரையே பெரிதும் விரும்பினர். அது பாகுபாடு என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. தனியாருக்கு வீடில்லை என்ற சொல்லை நம் நகரங்களில் கேட்டவர்களுக்கு இதில் வியப்பிராது. ஆனால் நதாலியா சார்கிசியன், நவோமி கெர்ஸ்டல் ஆகிய சமூகவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வோ, பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர், அண்டை வீட்டார் ஆகியோருடன் கூடுதல் தொடர்பு கொண்டு உதவுவோர் மணமாகாதோரே என்று காட்டியது. அதற்காகத் தனிமையின் வருத்தம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சலில் கிடக்கும் இரவு நீளமானதுதான். அத்தகைய இரவு மணமானவருக்கும் வருவதுண்டு. அப்போது அதற்கு அவருடைய திருமணத்தைக் காரணமாக எவரும் கூறுவதில்லை.

நம் நாட்டில் இவ்விஷயத்தில் ஒரு விந்தை உண்டு. காவி உடுத்தியவரின் பிரம்மசரியத்தை வணங்குகிறோம். காமராஜரும் அப்துல் கலாமும் மணம் புரியாதிருந்ததைத் தியாகமெனப் போற்றுகிறோம். விரதமோ பதவியோ இன்றி, சாதாரணமாக அலுவலகம் சென்றுவரும் ஒருவர் அவ்வாறே வாழ்ந்தால் மட்டும் ‘என்ன குறையோ’ என்று ஐயுறுகிறோம். அவர் பெண்ணாயின் ஐயம் இருமடங்காகிறது. ஔவையாரைப் பற்றிய செவிவழிக் கதையே இதற்குச் சான்று: திருமணத்தைத் தவிர்க்க அவர் விநாயகரை வேண்டி, இளமையிலேயே மூதாட்டி ஆனாராம். இளமையோடு தனித்திருக்கும் பெண்ணைக் கதையில்கூட ஏற்க நமக்கு மனம் வரவில்லை போலும்!

கொல்கத்தாவிலேயே விபா சௌதுரி (1913–1991) என்ற இயற்பியல் அறிஞர் இருந்தார். தேவேந்திர மோகன் போஸுடன் இணைந்து மலையுச்சிகளில் ஒளிப்படத் தகடுகளை வைத்துக் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர் அவர். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. இறுதிவரை ஆய்விலேயே ஈடுபட்டிருந்தார். வாழ்நாளில் பெரிய விருதுகள் எவையும் அவரை நாடி வரவில்லை. 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்கு ‘விபா’ என்று பெயரிட்டது.

சாஸ்திரம் என்ன கூறுகிறது என்று கேட்போர், அது ஒரே குரலில் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மகாபாரதத்தின் சல்ய பர்வத்தில் குணிகர்க்கரின் மகள் வருகிறாள். தகுந்த கணவன் அமையாமல் முதுமை வரை தவம் புரிந்து, உடலை விட விழைகிறாள். மணமாகாத பெண்ணுக்கு நல்லுலகம் இல்லை என்கிறார் நாரதர். எனவே தன் தவத்தில் பாதியை அளித்து, ஒரே ஓர் இரவு சிருங்கவானுக்கு மனைவியாக இருந்து, மறுநாள் உடலை நீக்குகிறாள். இக்கதையை எடுத்துக்காட்டுவோர் பலர்.

சாந்தி பர்வத்தின் சுலபையை நினைப்போர் சிலரே. அரச குலத்தில் பிறந்தவள். தகுந்த கணவன் அமையாததால் மோட்ச நெறியில் பயின்று தனியே சுற்றித் திரிந்தவள். அவள் மிதிலைக்கு வருகிறாள். அரசாண்டுகொண்டே முக்தி பெற்றுவிட்டதாகக் கருதும் ஜனகர் அவளிடம், நீ யார், யாருடையவள், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார், கடுஞ்சொற்களும் கூறுகிறார். அவள் சினங்கொள்ளவில்லை. உடல் எல்லோருக்கும் ஒரே தத்துவங்களால் ஆனது. தன்னிடத்தில் ஆன்மாவைக் காண்பவர் பிறரிடத்திலும் அதையே காண்பார். அங்ஙனம் கண்டவருக்கு ‘யாருடையவள்’ என்ற கேள்வி எவ்வாறு எழும்? எழுந்தது என்றால் அவருடைய முக்தி இன்னும் முழுமையடையவில்லை என்பதே பொருள் என்று, அவள் அக்கேள்வியை அவரிடமே திருப்பிவிடுகிறாள்.

அதற்கு ஜனகர் மறுமொழி ஏதும் கூறவில்லை என்று பாரதம் அவ்வுரையாடலை முடிக்கிறது.