கஞ்சியின் பக்குவமும் குழந்தையின் வளர்ச்சியும்

ஆறு மாதம் வரை செழிப்பாக வளர்ந்த குழந்தை எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் இளைக்கத் தொடங்குவதை நம் கிராமங்களில் அடிக்கடி காண்கிறோம். பல் முளைக்கிறது என்பர் சிலர். கண்ணேறு பட்டது என்பர் வேறு சிலர். வீட்டிலோ தானியத்துக்குக் குறைவில்லை. அவ்வாறிருக்கக் குழந்தை மட்டும் ஏன் இளைக்க வேண்டும்?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதுமானது, தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன்பின் தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடர்ந்து கொடுத்து, வேறு உணவும் சேர்த்தல் வேண்டும். ஜீரணமாகாதென அஞ்சி அவ்வுணவை நீர்போலக் கரைத்து ஊட்டுவதே பல வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஏறத்தாழ 240 மில்லி லிட்டரே கொள்ளும். அவ்வளவு நீரில் 12 கிராம் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கிடைப்பது சுமார் 40 கலோரி. தாய்ப்பால் நீங்கலாக, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், பதினொரு மாதம் வரை 300 கலோரியும், ஒரு வயதுக்குமேல் 550 கலோரியும் தேவை. நீர்க்கஞ்சியால் இக்கணக்கை நிரப்ப முயல்வது ஓட்டைச் சாலால் நீரிறைப்பதை ஒக்கும்.

கரண்டியைச் சாய்த்தால் ஓடி வடியாமல், மெல்ல நழுவி விழும் பக்குவமே சரியானது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்த்தால் அதுமட்டுமே 45 கலோரி தரும். முன் கூறிய கஞ்சி முழுவதும் தருவதற்கு அது ஈடாகும்!

கெட்டிக் கஞ்சியைக் குழந்தை விழுங்காது என்பார்க்கு நம் பாட்டிமாரின் கைமுறை ஒன்று உண்டு. கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, வடித்துத் துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாளில் முளைவிட்டதும் வெயிலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது உண்டாகும் நொதிப்பொருள் மாவுச் சத்தை உடைப்பதால், மாவை மிகுதியாகச் சேர்த்தாலும் கஞ்சி இறுகுவதில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. அரிசியில் அதில் பத்திலொரு பங்கும் இல்லை. எனினும் தானியம் மட்டும் போதாது. மூன்று பங்குக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்புச் சேர்க்கலாம். மசித்த கீரை, பப்பாளி, நன்கு வெந்த முட்டை ஆகியனவும் ஏற்றவை. ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது. வயிற்றுப்போக்குக் கண்டால் பட்டினி போடுதலும் கூடாது.

நடவுக் காலத்தில் தாய்மார் விடியலில் வயலுக்குச் சென்று பொழுது சாயத் திரும்புகின்றனர். ஒன்பது மாதத்துக்குமேல் மூன்று நான்கு வேளை உண்ண வேண்டிய குழந்தை அந்நாட்களில் ஒரு வேளையோடு நின்றுவிடுகிறது. ஆகவே இதைப் பெண்கள் காரியமென ஆடவர் ஒதுக்குதல் முறையன்று. நடவுக்கு ஆள் வைக்கும் விவசாயிகள், கைக்குழந்தையுள்ள தாய் இடையில் வீடு சென்று வர நேரம் அளித்தால் கூலியில் பெரிய நட்டம் வந்துவிடாது.

1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவளித்தனர். இன்று அங்கன்வாடி மையங்களில் எடை பார்க்கப்படுகிறது. பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் இரண்டு மாதமாக எடை ஏறாத குழந்தைகள் எத்தனை என்று அங்கே கேட்டறியலாம். தராசு பழுதாகியிருப்பின் அதனைச் செப்பனிடச் செய்வது முதல் வேலை.