மரத்துக்குப் பின்னால் விழுந்ததா?

ஆகஸ்ட் 12, இரவு. டொராண்டோவில், வீட்டின் பின்வளவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் தம்பி. திடீரென்று பளிச்சென்று ஒரு வெளிச்சம்!

"அங்க பாருங்கோ! அந்த மரத்துக்குப் பின்னால விழுந்திட்டுது! வாங்கோ, ஓடிப்போய் எடுப்பம்!"

ஓட வேண்டாம். அது தரையில் விழவே இல்லை.

சுவிஃப்ட்-டட்டில் என்று ஒரு வால்வெள்ளி இருக்கிறது. அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 133 ஆண்டுகள் ஆகும். போகும் வழியெல்லாம் தூசியைக் கொட்டிவிட்டுப் போகும். ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் நம் பூமி அந்தத் தூசிக்குள் புகுந்து செல்கிறது. அப்போது தூசி நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி எரிகிறது. இதுதான் பெர்சியட் எரிகல் மழை.

மணல் அளவுத் தூசி மெல்லிய கோடாகத் தெரியும். சற்றுப் பெரிய துண்டு வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக எரியும். அதைத் தீக்கோளம் என்கிறோம். அது தரைக்கு வராது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து முடிந்துவிடும்.

அப்படியானால் மரத்துக்குப் பின்னால் தெரிந்தது ஏன்? தூரத்தில் போகும் விமானம் கூரையைத் தொடுவதுபோலத் தெரியுமே, அதே மாதிரித்தான்.

ஒட்டாவாவில் இருக்கும் மச்சாளைக் கேளுங்கள். நீங்கள் நேர் கிழக்கே பார்த்ததை, அதே நேரத்தில் அவள் நேர் தெற்கே பார்த்தாளாம். வரைபடத்தில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்டாரியோ ஏரியின் கிழக்குக் கரைக்கும் அப்பால் அவை வெட்டும். தம்பி சொன்னது ஒரு வகையில் சரிதான். மரத்துக்குப் பின்னால்தான், ஆனால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பின்னால்!

தீக்கோளம் இரண்டு மூன்று நொடிதான் தெரியும். அதனால் கிழக்கு எது என்று மாலையிலேயே பார்த்து வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். (அம்மாவின் கைப்பேசியையும்தான்!) வெளிச்சம் தெரிந்ததும் நேரம், திசை, நிறம் மூன்றையும் சொல்லுங்கள். பிறகு கையை நேராக நீட்டி முட்டியை மடக்குங்கள். ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம்?

சில சமயம் தீக்கோளம் மறைந்த பிறகும் புகைபோல ஒரு தடம் நிற்கும். அதைத் தவற விடாதீர்கள்.

பயிற்சி
1. "விழுந்திட்டுது", "எடுப்பம்", "பின்னால": இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக.
2. உங்கள் வீட்டு வாசலில் நின்றால் கிழக்கே என்ன தெரிகிறது? அது எத்தனை முட்டி உயரம்?