கோழிக்குஞ்சில் சேவலும் பெட்டையும்

நமது கிராமங்களில் கோழி வளர்ப்பு மிகச் சிறந்த உபதொழிலாகும். விருத்தாசலம் பகுதியில் முந்திரியும் நிலக்கடலையும் பயிரிடும் குடும்பமாயினும், பீங்கான் தொழிற்கூடத்தில் அகல்விளக்கும் பொம்மையும் செய்து கூலி பெறும் குடும்பமாயினும், கொல்லையில் நான்கு கோழிகள் இருப்பின் அவசரச் செலவிற்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆயினும், குஞ்சு வாங்குங்கால் நேரும் ஒரு தவறு இதன் ஆதாயத்தையே அழித்துவிடுகிறது. முட்டைக்கென 20 குஞ்சுகள் வாங்குவோர், அவை யாவும் பெட்டைகளே என நம்பிக் கடன் தவணையையும் வகுத்துக் கொள்கின்றனர். மூன்று, நான்கு மாதம் தீவனமிட்ட பின்னர்ப் பாதிக் குஞ்சுகள் கூவத் தொடங்குகின்றன. இந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழியை அனைவரும் அறிதல் நலம்.

முட்டையின் வடிவம் பயன்படாது

கூர்மையான முட்டையில் சேவலும், உருண்டையான முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்பார் உண்டு. குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சொல்வாரும் உண்டு. இவற்றிற்கு ஆதாரம் இல்லை. கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் கருவே. முட்டையிடுவதற்கு முன்னரே அது முடிவாகிவிடுகிறது. அடைவைக்கும் நாளோ, சூடோ அதை மாற்றுவதில்லை. பொதுவாக ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதியாகவே பொரிக்கும்.

முதல் நாளிலேயே அறியும் முறைகள்

குஞ்சின் எச்சத்துவாரத்தினுள் உள்ள சிறு மொட்டைக் கண்டு இனம் பிரிக்கும் முறையை 1920-களில் ஜப்பானிய அறிஞர்களான மசுயி, ஹாஷிமோட்டோ முதலியோர் வகுத்தனர். இதற்கு நீண்ட பயிற்சி தேவை. பயிலாதவர் முயன்றால் குஞ்சின் குடல் நசுங்கி உயிரிழக்க நேரிடும். ஆகவே இதனை வீட்டில் செய்து பார்த்தல் கூடாது.

சில வணிக இனங்களில் சிறகை விரித்துப் பார்த்தே அறியலாம். பெட்டைக்குஞ்சின் சிறகில் கீழ்வரிசை இறகு மேல்வரிசையைவிட நீண்டிருக்கும். சேவலில் இரண்டும் சமமாகவோ, கீழ்வரிசை குட்டையாகவோ இருக்கும். ரோட் ஐலண்டு ரெட் சேவலையும் பார்டு பிளிமத் ராக் பெட்டையையும் இணைத்தால், சேவற்குஞ்சின் தலையில் வெண்புள்ளி தோன்றும், பெட்டைக்குஞ்சில் தோன்றாது. சேவலையும் பெட்டையையும் இனம் மாற்றி இணைத்தால் இவ்வேறுபாடு கிட்டாது. இவ்விரு முறைகளும் அதற்கெனத் தேர்ந்தெடுத்து இணைத்த வம்சங்களுக்கே பொருந்தும். நமது நாட்டுக்கோழிக் குஞ்சிற்கு இவற்றை நம்புதல் இயலாது.

நாட்டுக்கோழியில் காணும் அடையாளங்கள்

கலத்தின் விரிசல் சூளையிலிருந்து இறக்கிய பின்னர் வெளிப்படுவது போல, நாட்டுக்குஞ்சின் இனமும் சில வாரங்கள் கழிந்தே தெளிவாகும்.

1. கொண்டை, தாடி: ஐந்தாறு வாரங்களில் சேவலின் கொண்டை பருத்துச் சிவக்கத் தொடங்கும். பெட்டையின் கொண்டை சிறுத்து வெளிறியிருக்கும். ஆனால் அசில் வகையைச் சார்ந்த பெருவிடைக் கோழியில் கொண்டை இயல்பாகவே சிறிதாதலால், இவ்வடையாளம் ஏமாற்றக்கூடும்.

2. கால்: ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை ஒப்பிட்டால், சேவலின் கால் தடித்தும் நீண்டும் இருக்கும்.

3. இறகு: இதுவே மிகவும் நம்பத்தக்கது. பத்துப் பன்னிரண்டு வாரங்களில் வாலடியிலும் கழுத்திலும் முளைக்கும் இறகைப் பார்க்கவும். சேவலில் அது குறுகி, நுனி கூர்ந்து, பளபளப்பாயிருக்கும். பெட்டையில் நுனி வட்டமாயிருக்கும்.

ஓர் அடையாளத்தைக் கொண்டே முடிவு செய்யாமல், மூன்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இனம் தெரிந்தவற்றின் காலில் வண்ண நூல் தளர்வாகக் கட்டி வைத்தால் பிற்பாடு குழப்பம் நேராது.

பிரித்த பின் செய்வது

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும். எஞ்சிய இளஞ்சேவல்களைத் தனியே அடைத்துத் தீவனமிட்டு, ஊர்த் திருவிழாக் காலம் பார்த்து விற்கலாம். இதனால் சண்டையும் தீவன விரயமும் குறையும். இனவிருத்திக்கு வேறொரு வீட்டுச் சேவலைக் கொள்ளுதல் நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்கும். வரவுக் கணக்கிடும்போது 20 குஞ்சுகளில் சாவு போக எஞ்சுவனவற்றில் பாதியையே முட்டைக்குக் கணக்கிடுக, மறுபாதி இறைச்சிக்கானது. இக்கணக்கில் தவணை வகுத்தவர் தடுமாறுவதில்லை.

ஊராட்சி மன்றங்களின் கடமை

தெருக்களில் சாயம் பூசி மலிவாக விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டையினப் பண்ணைகள் கழித்த ஆண் குஞ்சுகளே. அவை முட்டையும் இடா. இறைச்சிக்கும் விரைவில் பருக்கா. இதனை ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைத்தல் வேண்டும். மகளிர் குழுக்கள் மொத்தமாகக் குஞ்சு வாங்கும்போது, இனம் பிரித்தவையா, பிரிக்காதவையா என்பதை ரசீதில் எழுதி வாங்குமாறு உறுப்பினர்கள் வலியுறுத்துவார்களாக. பிரிக்காத குஞ்சிற்குப் பெட்டை விலை கொடுத்தல் ஆகாது. ஐயம் நேரின் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம். ஏழைத் தாய்மார் கடன் பெற்று வாங்கும் குஞ்சு கடனைப் பெருக்காமல் வருவாயைப் பெருக்க, இச்சிறு விழிப்பு பெரிதும் உதவும்.